திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பலாமா?

கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண் தெரிந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விடுகிறோம். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நம்பிக்கை ஆபத்தானது.

முதலை முட்டையை எடுத்துக் கொள்வோம். குட்டி ஆணா, பெண்ணா என்பதை முட்டை இருக்கும் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1976ல் தொடங்கிய முதலைப் பண்ணையின் ராமுலஸ் விட்டேகர், ஹாரி ஆண்ட்ரூஸ் ஆகியோர் ஜெஃப்ரி லாங்குடன் சேர்ந்து, சதுப்பு நில முதலை முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து ஆராய்ந்து 1989ல் முடிவை வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். இடைவெளி ஒன்றரை டிகிரிதான்!

இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஎச்டி11 சென்சாரைப் பாருங்கள். இதில் 2 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பே சொல்கிறது. நான் வாங்கிய இரண்டை மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று 30.00, மற்றொன்று 32.00 என்றது. அந்தப் பூஜ்யங்கள் சென்சார் அளந்தவை அல்ல; இரண்டு இலக்கம் காட்டு என்று நான் புரோகிராமில் எழுதியதால் வந்தவை. டிஎஸ்18பி20 இதைவிட மேல். ஆனால் அதிலும் அரை டிகிரி வித்தியாசம் வரலாம்.

முட்டை விஷயத்தில் இந்தத் தவறு உடனே தெரியாது. சுமார் இரண்டு மாதம் கழித்து, குட்டி வெளியே வந்த பிறகுதான் தெரியும். அப்போது திருத்த வழியில்லை.

எனவே என் கருத்து இதுதான். முதலில் சென்சாரைச் சோதியுங்கள். ஒரு பாத்திரத்தில் 31 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, தண்ணீர் புகாத சென்சாரையும், சரிபார்ப்புச் சான்றிதழ் உள்ள தெர்மாமீட்டரையும் ஒன்றாக வையுங்கள். வித்தியாசத்தைக் குறித்துக் கொண்டு புரோகிராமில் சரிக்கட்டுங்கள். பிறகு சென்சாரை ஹீட்டர் அருகில் வைக்காமல் முட்டைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்தால் நாளைக்கு 144 வரிசை, 60 நாளில் 8,640. எக்செல் இதைச் சுலபமாகத் தாங்கும். கிராப் போட்டால், இரவு கரண்ட் போய் எவ்வளவு நேரம் வெப்பம் குறைந்தது என்பதும் தெரிந்து விடும்.

முதலை முட்டையை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அது பண்ணைக்காரர்கள் வேலை. ஆனால் கோழிமுட்டை இன்குபேட்டரோ, மீன் தொட்டியோ, நீங்கள் சென்சார் மாட்டும் எதற்கும் இதே விதிதான். கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்ததைத்தான் காட்டும். சரியானதைக் கொடுப்பது நம் பொறுப்பு.