யமனைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

சூயஸ் என்றால் நம்மவர் மேடைகள் அதிரும். 1956-இல் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் கூடிச் செய்த சதியையும், அதற்குப் பணியாத ஜமால் அப்துல் நாஸரின் உறுதியையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் பிழையில்லை. ஆனால், அதே நாஸர் 1962-இல் யமனுக்கு அனுப்பிய படையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும். அந்நியன் நுழைந்தால் ஆக்கிரமிப்பு, நம்மவர் நுழைந்தால் சகோதர உதவி! இந்த இரட்டைத் தராசை எத்தனை நாள் கையில் ஏந்துவது?

1962 செப்டம்பர் 26-ஆம் நாள் ஸன்ஆவில் இராணுவப் புரட்சி வெடித்தது. அரியணை ஏறி ஒரு வாரமே ஆகியிருந்த இமாம் முஹம்மத் அல்-பத்ர் மலைகளுக்குத் தப்பினார். அப்துல்லாஹ் அஸ்ஸலால் தலைமையில் குடியரசு பிறந்தது. சில நாட்களிலேயே எகிப்தின் வீரர்கள் வந்திறங்கினர். இமாமின் தரப்புக்குச் சவூதி அரேபியாவின் பொன்னும் ஆயுதமும் சென்றன.

இமாம்களின் இருண்ட ஆட்சிக்காகக் கண்ணீர் சிந்த நான் எழுதவில்லை. என் கேள்வி வேறு. குடியரசைக் காப்பதே நோக்கமென்றார்கள். அந்தப் பணி எப்போது முடியும்? நகரங்களைக் காத்துக் கொடுத்தால் போதுமா? மலையிலுள்ள கடைசி எதிரியையும் ஒழிக்க வேண்டுமா? ஏடனிலிருந்து ஆங்கிலேயரை விரட்டும்வரை நிற்பதா? சவூதி அரியணையை அசைக்கும்வரையா? இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் நோக்கமாக நின்றன. நோக்கத்துக்கு எல்லை வகுக்காதவன் போர்முறையை எப்படி வகுப்பான்? ஆகவே ஆட்களைக் கூட்டினார்கள். உச்சத்தில் ஏறக்குறைய 70,000 வீரர்கள்! நகரமும் சாலையும் படையின் கையில். மலை கோத்திரங்களின் கையில். அக்கோத்திரங்களிற் சில இரு தரப்பிலும் கூலி வாங்கின என்பது வேறு கதை. 1967-இல் நச்சு வாயுவால் மாண்ட கிராமத்தாரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர்கள் கண்டு அறிக்கை தந்தனர். எகிப்து மறுத்தது. மாண்டவர்கள் முஸ்லிம்கள்.

எகிப்தியர் வராதிருந்தால் குடியரசு முதல் சில மாதங்களிலேயே மாண்டிருக்கும் என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தச் சில மாதங்களோடு எல்லைக்கோடு இட்டிருக்க வேண்டுமன்றோ? ஐந்தாண்டுகள் எதற்கு? 1967 ஜூனில் இஸ்ரேல் தாக்கியபோது எகிப்தின் தேர்ந்த படைகளில் ஒரு பகுதி யமன் மலைகளில் கிடந்தது. (விமானங்கள் தரையிலேயே எரிந்துபோன அந்தத் தோல்விக்கு யமன் ஒன்றே காரணம் என்பது மிகை.) ஆகஸ்டில் கார்ட்டூமில் நாஸரும் மன்னர் ஃபைஸலும் உடன்பட்டனர்; ஆண்டிறுதிக்குள் படை திரும்பியது.

பிறகு நடந்ததுதான் வியப்பு. மன்னராட்சிப் படைகள் ஸன்ஆவைச் சூழ்ந்து 70 நாள் முற்றுகையிட்டன. எகிப்திய வீரன் ஒருவனுமில்லாத அந்நகரை யமனியரே காத்தனர். சோவியத் விமானங்கள் ஆயுதம் கொணர்ந்தது உண்மையே. ஆனால் களத்தில் நின்றவர்கள் அந்த மண்ணின் மைந்தர்கள். 1968 பெப்ரவரியில் முற்றுகை உடைந்தது. 1970-இல் சவூதியே குடியரசை அங்கீகரித்தது. ஐந்தாண்டுப் படையெடுப்பால் முடிக்க இயலாத வேலை, படை போன பிறகு முடிந்தது!

இதை அருகிலிருந்து கண்ட சவூதி அரசு பாடம் கற்றதா? 2014-இல் ஹூதிகள் ஆயுத பலத்தால் ஸன்ஆவைப் பிடித்தனர், அவர்களும் குற்றமற்றவர்களல்லர். 2015 மார்ச்சில் சவூதிக் கூட்டணியின் விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கின. அதிபர் ஹாதியை மீண்டும் ஸன்ஆவில் அமர்த்துவதே நோக்கம் என்றார்கள். 2022 ஏப்ரலில் ஹாதி அதிகாரத்தைத் துறந்தார். அது ரியாதில் நடந்தது, ஸன்ஆவில் அன்று. 2021 இறுதிவரை மாண்டவர் 3,77,000 என்பது ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலோர் குண்டுக்கு அன்று, பசிக்கும் பிணிக்கும் இரையானவர்கள்.

நாம் அப்போதும் பேசவில்லை. அன்று நாஸர்மீது வைத்த காதல் நாவைக் கட்டியது. இன்று ஹரமைனின் காவலர் என்ற மரியாதையும், வளைகுடாச் சம்பளத்தில் எரியும் நம் வீட்டு அடுப்பும் கட்டுகின்றன. முஃமின்கள் இரு பிரிவாகிப் போரிட்டால் சமாதானம் செய்துவைக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் ஓதாமலா இருக்கிறோம்? ஃபலஸ்தீனத்துக்காகக் கைகள் உயரும் நம் ஜும்ஆக்களில் யமன் என்ற பெயர் எத்தனை முறை ஒலித்தது?