ஏற்றுமதியாகாத ஆட்டங்களும் மொழிபெயர்ப்பாளர் பெயரும்

காணொளி விளையாட்டுகளின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளிவந்தவற்றை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதினால், அது ஏற்றுமதியின் வரலாறாகவே அமையும்.

‘செய்கென் டென்செட்சு 3’ 1995-இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளியானது. அதன் அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் வந்தது 2019-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அதனை ஆங்கிலத்தில் ஆட வழிசெய்தது, 2000-இல் ஆர்வலர்கள் ஊதியமின்றிச் செய்த மொழிபெயர்ப்பே. ஷிகெசாடோ இடோய் எழுதிய ‘மதர் 3’ (2006, கேம் பாய் அட்வான்ஸ்) எனக்கு மிகவும் பிடித்தது. பணமே அறியாத சிற்றூரில் பணம் நுழைவதையும் ஒரு குடும்பம் சிதைவதையும் சொல்லும் அவ்வாட்டம் ஜப்பானுக்கு வெளியே இன்றுவரை முறையாக வெளியிடப்படவில்லை. பிறர் அதனை அறிந்தது கிளைட் மேண்டலின் தலைமையிலான குழு 2008-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பால்தான்.

இம்மொழிபெயர்ப்புகள் உரிமையாளரின் இசைவு பெறாதவை என்பது உண்மையே. ஆயினும், அவற்றைப் படித்து ஆய்வெழுதிவிட்டு மொழிபெயர்த்தோரின் பெயரை விட்டுவிடுவது அறமாகாது. மொழிபெயர்ப்பில் படித்த ருஷ்ய நாவலைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்பாளரைக் குறிப்பிடுகிறோம் அல்லவா? அந்நெறியை இங்கும் கடைப்பிடிப்போம்.