ராத்தாவின் 11 கிலோவும் நம் வாய்ப்பேச்சும்

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவங்க கடைசி மட்டும் வாசிங்க.

போன கிழமை ஒரு வலீமா வீட்டில் என் மூத்த ராத்தா சாப்பிட உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு மாமி, "மெலிஞ்சு வந்தீங்க, திரும்பவும் ஊதிட்டீங்களே. வாயக் கட்ட ஏலாதா?" என்று கேட்டிருக்கிறார். ராத்தா சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம், "தம்பி, நான் இனி கிளினிக்குக்கும் போகல்ல. அங்கயும் இதத்தான் கேப்பாங்க" என்றார்.

ராத்தாவுக்குச் சீனி வருத்தம். இரண்டு வருசத்துக்கு முன் 11 கிலோ குறைத்தார். இராச்சோற்றை விட்டார், சீனி போட்ட பால் தேத்தண்ணியை விட்டார், பின்னேரத்தில் மச்சானோடு பாலம் வரைக்கும் நடந்தார். இப்போது அதில் 8 கிலோ திரும்பி வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மாமி கேட்டதை நானும் ஒரு தடவை ராத்தாவிடம் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பிக்கிற நானே! அந்தக் கூச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கொழுப்பு என்பது உடம்பில் சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஓமோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்கள் சுரக்கிற இந்த ஓமோன் இரத்தத்தோடு மூளைக்குப் போய், "இருப்பு போதும்" என்று சொல்கிறது. அதைக் கேட்கிற இடம், நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிற பரிவகக்கீழ்.

1997இல் கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபாரூக்கி, ஸ்டீவன் ஓ'ராஹிலி ஆகியோரின் குழு, பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பமொன்றின் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியது. சின்ன வயதிலிருந்தே அடங்காத பசி, மிதமிஞ்சிய எடை. பார்த்தால் இருவருக்கும் லெப்டினே சரியாகச் சுரக்கவில்லை. பின்னர் லெப்டினை ஊசியாகக் கொடுத்தபோது பசி அடங்கி எடையும் இறங்கியது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்!

ராத்தாவுக்கு அந்தக் குறைபாடு இல்லை, அது மிக அரிதானது. ஆனால் யார் மெலிந்தாலும் லெப்டின் இறங்கும். இரைப்பையில் சுரக்கிற கிரெலின் கூடும். பரிவகக்கீழில் பசியைத் தூண்டுகிற நரம்புக் கலங்கள் உசாராகும், பசியை அடக்குகிற கலங்கள் ஓய்ந்துவிடும். செலவும் குறைக்கப்படும். அதே பாலம் வரைக்கும் நடந்தாலும் தசைகள் முன்பைவிடக் குறைவாகத்தான் சக்தியை எரிக்கும். மூளைக்கு டயட்டும் ஒன்றுதான், பஞ்சமும் ஒன்றுதான். 2006இல் ஊரை விட்டு வெறும் வயிற்றோடு கந்தளாய்க்கு நடந்தவர்களை உயிரோடு வைத்திருந்ததில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

2011இல் மெல்பேர்னில் பிரியா சுமித்திரன் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பருமனான 50 பேருக்கு 10 கிழமை மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது, கிரெலின் உயர்ந்தே இருந்தது, பசியும் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம். ஒரு வருடமாகியும் மூளை மறக்கவில்லை. ராத்தா இரண்டு வருசம் போராடியது இதோடுதான். இதை வாய்க் கொழுப்பு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

"அப்ப முயற்சியே வேணாமா சேர்?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார். வேணும். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சீனி வருத்தம் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பையும் கிழமைக்கு 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தார்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆக, கொஞ்சம் குறைந்தாலும் பலன் உண்டு. ராத்தா 3 கிலோவைத் தக்கவைத்திருக்கிறாரே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? பிரஷர் குளிசையை யாரும் ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதில்லை. எடைக்கான கவனிப்பும் அப்படி நீளமானது. தடுமாறுகிற நேரத்தில்தான் கிளினிக் கூடுதலாகத் தேவை.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடை குறைக்கிற ஊசி எடுப்பிக்கிற பழக்கம் தொடங்கியிருக்கிறது. அந்த ஊசிகளும் மூளையின் பசிக் கலங்களில்தான் வேலை செய்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும். டொக்டரிடம் கேட்காமல் யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அந்த மாமியில் எனக்குக் கோபம் இல்லை. அவரும் இதை வாசிப்பார், பேரப்பிள்ளையின் ஃபோனில்.

வாற திங்கள் ராத்தாவுக்குக் கிளினிக். நானே மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "பார்ப்பம்" என்றார்.