நடுவில் இருந்த அம்மா

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நடக்கும்போது பழக்கமானவர் அந்தப் பெரியவர். மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன்பு அவர் மனைவி காலமானார். ஒரே மகன், சென்னையில் ஐ.டி. வேலை. அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான்.

"பையன் கூடவே இருக்கான், உங்களுக்கென்ன சார் குறை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே வீட்லதான் இருக்கோம்மா. சரியாப் பேசி அஞ்சு மாசமாச்சு" என்றார்.

பிரச்னை ஆரம்பித்தது ஒரு பீரோவில். காரியம் முடிந்த சில வாரங்களில், அம்மாவின் புடவைகளை எல்லாம் மூட்டை கட்டி ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டான் மகன். "அவ இருந்த சுவடே இல்லாம பண்ணிட்டான்" என்பது அப்பாவின் குமுறல்.

மகனிடம் பேசினால் வேறு கதை. "அந்தப் புடவைகளைப் பார்த்தா என்னால தாங்க முடியல ஆன்ட்டி. ஆனா அவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. மறுவாரமே பேங்க்குக்குப் போய் பாஸ்புக் என்ட்ரி போட்டுட்டு வந்தாரு."

இருவருக்குமே அதே துக்கம்தான். ஆனால், 'இவனுக்குப் பாசமில்லை' என்று அப்பாவும், 'இவருக்குப் பாசமில்லை' என்று மகனும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். துக்கத்தில் இருக்கும் மனம் ஊஞ்சல் மாதிரி. ஒரு நேரம் இழப்பையே நினைத்து உருகும். இன்னொரு நேரம் அதைத் தள்ளிவைத்துவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கும். இரண்டுமே இயல்பு, இரண்டுமே தேவை. சிக்கல் எங்கே? ஒருவர் உருகும் நேரத்தில் மற்றவர் பாஸ்புக்கோடு நிற்கிறார். பார்ப்பவருக்கு அது கல் நெஞ்சாகத் தெரிகிறது.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. "அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா" என்பான் மகன். "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்பார் அப்பா. இரண்டு பக்கத்துப் பேச்சிலும் காரத்தைக் குறைத்துப் பரிமாறியவர் அம்மா. அவர் போனதும், நேருக்கு நேர் பேசியே பழகாத இரண்டு ஆண்கள் ஒரே ஹாலில் மிஞ்சுகிறார்கள்.

பெரிய வீடுகளும் இதற்கு விலக்கல்ல. காந்திக்கும் மூத்த மகன் ஹரிலாலுக்கும் படிப்பு விஷயத்தில் தொடங்கிய மனக்கசப்பு பழையது. 1918 விஷக்காய்ச்சலில் மனைவியை இழந்த பிறகு ஹரிலால் மதுவில் விழுந்தார், விரிசல் பெரிதானது. அம்மா கஸ்தூர்பா மீது மட்டும் அவருக்குப் பாசம் குறையவில்லை. 1944-ல் கஸ்தூர்பாவும் போய்விட்டார். 1948-ல் காந்தி கொல்லப்பட்ட சில மாதங்களிலேயே ஹரிலாலும் இறந்தார். கடைசிவரை அப்பாவும் பிள்ளையும் ஒன்றுசேரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

இறந்தவரின் பொருள்களைத் தனியாக முடிவெடுத்து அகற்றாதீர்கள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று மற்றவர் சொன்னால் விட்டுவிடுங்கள். பீரோ எங்கும் ஓடிவிடாது.

உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வரவில்லையா? சேர்ந்து வேலை செய்யுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க, பேங்க்கில் நாமினி மாற்ற என்று எப்படியும் அலைய வேண்டியிருக்கும். இருவரும் ஒரே வண்டியில் போங்கள். பேச்சு பாதி வழியில் தானாக வரும்.

அவர் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அழுகை வந்தால் வரட்டும்.

மாதங்கள் கடந்தும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, எண் 14416. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

போன வாரம் மைதானத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து வந்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. என்னைக் கடக்கும்போது மகன் கேட்டது காதில் விழுந்தது. "அம்மா குழம்பு மிளகாத்தூள் எந்த மில்லுல அரைப்பாங்கப்பா?"

பெரியவர் நின்று, யோசித்து, கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பித்தார்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மா நன்றாக இருக்கும்போதே, இன்று ஒரு தடவை அப்பாவின் நம்பருக்கு நேராகப் போன் போடுங்கள். "என்னப்பா, அம்மாகிட்ட குடுக்கவா?" என்பார். "இல்லப்பா, உங்ககிட்டதான் பேசணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.