பதினொரு மாத வீடும் துகள்பலகை அலமாரியும்

பெங்களூரு, குருகிராம் போன்ற நகரங்களில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கும் வழியே இந்தப் பதினொரு மாதக் கணக்கு. அடிக்கடி வீடு மாறும் உழைப்பாளரையும் இளம் ஊழியரையும் குறிவைத்து விற்கப்படுபவைதாம் தட்டையான அட்டைப் பெட்டிகளில் பாகம் பாகமாக வந்திறங்கும் மலிவு விலை அலமாரிகளும் கட்டில்களும். ஆனால், இவை பெரும்பாலும் ஒருமுறை பூட்டுவதற்கு மட்டுமே தகுதியாகச் செய்யப்படுகின்றன.

காரணம் பலகையில் இருக்கிறது. மரச்சில்லு, மரத்தூள், கரும்புச் சக்கை முதலியவற்றை யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினில் கலந்து, வெப்பத்தில் அழுத்தி உருவாக்கப்படுவது பார்ட்டிகிள் போர்டு என்னும் துகள்பலகை. தேக்கில் உள்ளதைப் போன்ற நீண்ட நார் இதில் கிடையாது. ஒருமுறை கழற்றிய திருகாணியை மீண்டும் முடுக்கினால் துளை பொடிந்து அகலும். ஓரப்பட்டை பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால் பலகை உப்பும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது.

இதனால் இவற்றை வாங்குவோரை ஏளனம் செய்வது நியாயமன்று. தேக்கு அலமாரியின் விலை அவர்களது பல மாத ஊதியம். மாதத் தவணையில் வாங்கிய பொருள், தவணை முடியுமுன் சாயாமல் நிற்க வேண்டும் என்பதே அவர்களது கவலை. (அலமாரி, மேசை ஆகிய இரு சொற்களும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து, ஒரு தச்சன் செய்ததைப் பேரன் வரை பயன்படுத்திய காலத்தில் தமிழாகிவிட்டவை.)

ஆயுளை நீட்டிக்க முடியும், செலவும் சிறிதே. முதன்முறை பூட்டும்போதே மரக்குச்சி ஆணிகளுக்கு ஃபெவிகால் இட வேண்டும். பிறகு அந்த மூட்டைக் கழற்ற இயலாது என்பதால், வீடு மாறும்போது எந்த மூட்டைப் பிரிப்பது என முன்னரே முடிவு செய்ய வேண்டும். பின்புறத்து மெல்லிய தகட்டைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் காப்பது அதுவே. அதை நெருக்கமாக ஆணியடிப்பது அவசியம். அகன்ற துளையில் பசை தோய்த்த தீக்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் திருகாணியை முடுக்கலாம். உள்மூலைகளில் எல்-ஆங்கிள் பொருத்தினால் பளு பரவும். அடியில் ரப்பர் புஷ் வைத்தால், தரை துடைக்கும் ஈரம் பலகையைத் தீண்டாது. திறந்துகிடக்கும் ஓரங்களை வார்னிஷ் பூசி அடைப்பது இருமடங்கு நன்மை. ஈரம் உள்ளே போகாது, ஃபார்மால்டிஹைடு வெளியேறுவதும் குறையும். அவ்வாயுவைப் புற்றுநோய்க் காரணியென சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்தியது.

நம் நாட்டில் இவற்றை வாங்குவோரே பூட்டுவது குறைவு. நிறுவனம் அனுப்பும் தச்சர் வருகிறார். பெரும்பாலும் ஒப்பந்தத்தில், எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவர். அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரத்தில், பசை உலரக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. மின்துரப்பணத்தால் அதிகமாக முடுக்கப்படும் திருகாணி முதல் நாளிலேயே துளையைச் சிதைக்கிறது. பழி தச்சர் மீதே விழுகிறது.

பூட்டும் மினிஃபிக்ஸ் ஒன்று உடைந்தால், அதே அளவில் மாற்று கிடைப்பது அரிது; பத்து ரூபாய் உதிரிபாகமின்றி முழு அலமாரியும் குப்பைக்குச் செல்கிறது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைபேசிகள், நுகர்வோர் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளையே முன்வைத்தது. மரச்சாமான்கள் அதில் இல்லை. உதிரிபாகங்களைத் தனியே விற்பதையும், பலகையின் வகையையும் வாயு வெளியேற்ற அளவையும் பெட்டியின் மேல் அச்சிடுவதையும் கட்டாயமாக்கக் கோர வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களில் தச்சர்கள் ஏராளம். மாதம் ஒரு ஞாயிறு, சங்க அலுவலக வாசலில் பழுதுபார்ப்பு முகாம் நடத்த ஒரு துரப்பணமும் ஒரு டப்பா பசையும் போதும். அங்கு வரும் வாடகைவாசிகளில் பலர் எந்தச் சங்கத்திலும் இன்னும் சேராதவர்கள்.