கோழி அம்மைக்கும் முகாம் வேண்டும்

கண்ணிமை இரண்டும் ஒட்டிப்போன குஞ்சு பெரும்பாலும் பசியால்தான் சாகிறது. இரை காலடியிலேயே கிடக்கும், அதற்குத் தெரியாது. கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் என்னை மிகவும் வருத்திய காட்சி அது.

கோழி அம்மை வைரஸ் நோய். கொண்டை, தாடி, கண்ணோரம் என்று முதலில் கொப்புளம் கிளம்பும், பிறகு கறுத்துப் பொருக்குத் தட்டும். தொண்டைக்குள் வந்தால் மஞ்சள் படலம் மூச்சையே அடைத்துவிடும். கொசு பரப்புகிறது, உதிர்ந்த பொருக்கிலோ வைரஸ் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். புறா, மயில், சிட்டுக்குருவிக்கும் இந்தக் குடும்பத்து வைரஸ்கள் வருவதுண்டு. மனிதருக்குத் தொற்றாது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை நான் குறை சொல்லமாட்டேன், புண்ணுக்கு இதம். ஆனால் வைரஸைக் கொல்ல மருந்தில்லை, தடுப்பூசிதான் வழி. 6 முதல் 8 வாரக் குஞ்சின் இறக்கைச் சவ்வில் இரட்டை முனை ஊசியால் ஒரு குத்து. ஒரு வாரம், பத்து நாளில் அந்த இடம் தடித்திருந்தால் ஊசி பலித்துவிட்டது.

சிக்கல் குப்பியில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து அதில். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். பண்ணைக்காரருக்குக் கவலையில்லை. கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் பெண் என்ன செய்வார்? வெள்ளைக்கழிச்சலுக்கு ஆண்டுதோறும் முகாம் நடத்துகிறோமே, கொசு பெருகும் மழைக்காலத்துக்கு முன்பு அம்மைக்கும் நடத்தலாம். மகளிர் குழுக்கள் தெருக் கோழிகளை ஒரே காலையில் பிடித்து வைத்தால் மருந்து வீணாகாது. முட்டைக் காசில்தான் பல வீடுகளில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார்கள்.