கடைசி ஆறு பாக்கெட்

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ரூமில் கரண்ட் போகிறது, மூன்று நாளைக்கு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிடுவீர்கள்? ஆர்டர் போட முடியாது, டவரும் போய்விட்டது. நூடுல்ஸ் இருக்கே என்கிறீர்களா? அதை வேகவைக்கிற இண்டக்‌ஷன் அடுப்பு எதில் ஓடுகிறது?

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் வருது வருது என்று டிவியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில், முதல் மாடியில் நாங்கள் நாலு பேர், அப்போது இரண்டாம் ஆண்டு. மறுநாள் லீவு விட்ட சந்தோஷத்தில் பகல் முழுக்கப் படம் பார்த்துவிட்டு, ராத்திரி எட்டரைக்கு "ஏதாவது வாங்கி வைக்கலாம்டா" என்று இரண்டு பேர் கிளம்பினோம். கடையில் பிரட் இல்லை, மெழுகுவத்தி இல்லை. ஆறு பால் பாக்கெட் மட்டும் மிச்சம். ஆறையும் எடுத்துவிட்டோம். நாலு பேருக்கு எதற்கு ஆறு என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. இருந்தது, எடுத்தோம்.

திங்கள் காலையில் கரண்ட் இல்லை. தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். காய்ச்ச வழியில்லாமல் இரண்டு பாக்கெட்டை அப்படியே குடித்தோம். செவ்வாய்க்கிழமை மீதி நாலும் திரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜும் கரண்டில்தான் ஓடும் என்பது எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அதில் ஒருத்தன் ட்ரிபிள்ஈ!

திரிந்த பாலை சிங்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது இரண்டாவது மாடி அக்கா இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு வந்து நின்றார். "தம்பி, கொஞ்சம் பால் இருக்குமா? எவ்வளவுன்னாலும் குடுத்துடறேன்." அவர் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போயே ஆகணும். வேலை முடித்து வந்து பார்த்தபோது ராத்திரி பத்து மணி, பால் தீர்ந்துவிட்டதாம். எந்தக் கடையில் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு. பொருள் சேர்த்து வைப்பது தப்பே இல்லை. எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண வாரத்தில் நீங்கள் ஒரு பாக்கெட் அவல் கூடுதலாக வாங்கினால், கடைக்காரர் அடுத்த லோடில் இன்னொன்று இறக்கிவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை. புயலுக்கு முந்தின ராத்திரி அடுத்த லோடு கிடையாது. அப்போது நீங்கள் எடுக்கிற பாக்கெட் இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் தினக்கூலிக்காரர், ஷிப்ட் முடிந்து தாமதமாக வருகிறவர். ஒரே நாளில் மொத்தமாக வாங்க அவர் கையில் பணமும் இருக்காது.

புயல்தான் என்றில்லை. 2020 ஏப்ரலில் சென்னை, கோவை, மதுரைக்கு 26ஆம் தேதியிலிருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். 25ஆம் தேதி கடைகளில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கூட்டம் கூடாதே என்று போட்ட ஊரடங்கு, அதற்கு முதல் நாள் ஊரையே தோளோடு தோள் இடிக்க வைத்தது.

"காசு ஏது பாஸ், மாசக் கடைசி?" புரிகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆளுக்கு வாரம் முப்பது ரூபாய் போட்டால், நாலு பேர் ரூமுக்கு எட்டு வாரத்தில் 960 ரூபாய். ஒரு தடவை பிரியாணிக்குப் போய் வருகிற செலவு. ஹாஸ்டல்காரர்கள் "மெஸ் பாத்துக்கும்" என்பீர்கள். மெஸ்ஸுக்கும் பாலும் காய்கறியும் வேனில்தான் வருகின்றன.

என்ன வாங்குவது? எங்க பாட்டியிடம் கேட்டால் போதும். சித்திரை வெயிலில் வத்தலும் வடகமும் காயவைத்து ஐப்பசி அடைமழைக்கு எடுத்த கை அது. "அடுப்பே வேணாம்டா, அவலும் வெல்லமும் வாங்கி வை" என்றார். மெல்லிய அவல் தண்ணீரில் சில நிமிடத்தில் ஊறிவிடும். கூட வறுத்த வேர்க்கடலை, பொரி, பேரீச்சம்பழம். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டாரும் ஓடாது, அதனால் தண்ணீர் கேன் ஒன்று போதாது. ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு நாள்கூட வராது. 10,000 எம்ஏஹெச் பவர் பேங்கை நம்பி இருப்பவர்களுக்கு: அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. அதை 5 வோல்ட்டாக மாற்றுவதில் நஷ்டம் போக, 5,000 எம்ஏஹெச் போன் இரண்டு தடவை முழுசாக ஏறாது. ட்ரிபிள்ஈ நண்பன் இந்தத் தடவை சரியாகக் கணக்குப் போட்டுச் சொன்னது.

அப்புறம் காசு, அதுவும் சில்லறையாக. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் இல்லை, கார்டு மெஷினுக்கு கரண்டும் இல்லை, லைனும் இல்லை. இன்று டீக்கு ஸ்கேன் பண்ணுகிற நாம் அன்றைய ஆட்களைவிட மோசமான நிலையில் இருக்கிறோம். ஐந்நூறு ரூபாயைப் பத்தும் இருபதுமாக மாற்றிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் எப்போதும் திறக்காத புத்தகம் ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

எங்கள் ரூம் பரணில் இப்போது ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அவல், வெல்லம், டார்ச், தீப்பெட்டி, ஒரு பால் பவுடர் டப்பா. பழைய டப்பாவை காலாவதி ஆவதற்கு முன்னால் எடுத்துக் காபி போட்டுக் காலி பண்ணிவிட்டு, புதுசு வாங்கி வைக்கிறோம். அக்கா குடும்பம் போன வருஷமே வீடு மாறிப் போய்விட்டது. எங்கள் நாலு பேரில் ஒருத்தனுக்கும் பால் பவுடர் காபி பிடிக்காது.